எந்தக் காலத்தை எந்தக் கடிகாரம் அளக்கும்?

ஒரு நிரல் வேகமாக ஓடுகிறதா, இழுத்துக்கொண்டு ஓடுகிறதா என்று சொல்ல முதலில் ஒரு கடிகாரம் வேண்டும். கணினிக்குள் கடிகாரங்களுக்குப் பஞ்சமில்லை. தேதியும் மணியும் காட்டுவது ஒன்று. கணினியை முடுக்கிய நேரத்திலிருந்து எண்ணிக்கொண்டே போவது இன்னொன்று. பிராசசரின் துடிப்புகளைக் கணக்கிடுவது வேறொன்று. ஒரு நிரல் பிராசசரைத் தன் வசம் வைத்திருந்த நேரத்தை மட்டும் கூட்டிச் சொல்வதும் உண்டு. இவற்றில் எது நம்பகமானது என்பது பொறியாளர்களின் கேள்வியாகத் தோன்றினாலும், அதற்கு அடியில் இருப்பது தத்துவவாதிகளும் சமயவாதிகளும் நெடுங்காலமாக மல்லுக்கட்டிய கேள்விதான். காலம் பொருள்களுக்கு வெளியே தனியாக ஓடுகிற ஒன்றா? பொருள்கள் மாறுவதை எண்ணிச் சொல்லும் கணக்கு மட்டுமா? அல்லது மனிதர் கூடிப் பேசிச் செய்துகொண்ட உடன்பாடா? மூன்று விடைக்கும் கணினியில் ஒவ்வொரு கடிகாரம் இருக்கிறது. கேள்வி இன்னதென்று சொன்ன பிறகுதான் எந்தக் கடிகாரத்தை நம்பலாம் என்று சொல்ல முடியும்.

கடிகாரத்திடம் கேட்கக்கூடிய கேள்விகள் அடிப்படையில் இரண்டு: ‘எப்போது நடந்தது?’, ‘எவ்வளவு நேரம் நடந்தது?’ முதலாவதற்கு ஊரோடு ஒத்த மணி வேண்டும். இரண்டாவதற்கு ஊர் தேவையே இல்லை. சீராக ஓடும் ஏதோ ஒன்று போதும். இரண்டையும் ஒரே கடிகாரத்திடம் கேட்கிறபோதுதான் தொல்லை தொடங்குகிறது.

மலேசிய மாநிலமான ஜொகூரின் வரலாற்றில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. ஜொகூர் பாரு ஏறக்குறைய 103.75 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சூரியனை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் முந்தியிருக்க வேண்டும். ஆனால் மலாயாவின் மணி 1933இல் 7 மணி 20 நிமிடம் முந்தியது. 1941இல் ஏழரை மணி. ஜப்பானியர் ஆட்சியில் டோக்கியோ நேரமான 9 மணி. போர் முடிந்ததும் மறுபடி ஏழரை. தீபகற்ப மலேசியாவை சபா, சரவாக்கின் நேரத்தோடு இணைப்பதற்காக 1982 ஜனவரி 1 முதல் அது 8 மணி ஆயிற்று. சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் கடிகாரங்கள் நள்ளிரவு 12க்குத் தள்ளிவைக்கப்பட்டன. அந்த அரை மணி நேரத்தில் ஜொகூரில் யாரும் பிறக்கவில்லை, யாரும் சாகவில்லை. அப்படி ஒரு அரை மணி இருக்கவே இல்லை.

அன்றிரவு 10 மணிக்கு ஷிப்ட் ஏறி காலை 6 மணிக்கு இறங்கிய ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். கடிகாரக் கணக்கில் அவர் 8 மணி நேரம் வேலை பார்த்தார். உடம்பின் கணக்கில் ஏழரை. சிகாமட், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவுகிறவர்களுக்கு இது தலைகீழாக வந்திருக்கும். விடியலின் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும்போதுதான் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறினால் அது குறைந்துவிடும். மணி மாறியது மரத்துக்குத் தெரியாது. வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு மணியை மாற்றாமல் விட்டால் ஆள் அரை மணி கூடுதலான இருட்டில் போய் நிற்க வேண்டும். மாற்றினால் பழைய வெளிச்சத்துக்கே போகலாம், கடிகாரத்தில் மட்டும் எண் வேறு. அந்த இரவில் 11:20க்குத் தொடங்கி 20 நிமிடம் ஓடிய ஒரு நிரலின் நேரத்தை உள்ளூர் மணியின் வித்தியாசமாகக் கணக்கிட்டிருந்தால் விடை 50 நிமிடம் என்று வந்திருக்கும். யுனிக்ஸ் வழிவந்த கணினிகள் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தில் வினாடிகளை எண்ணுவதால் இந்தக் குறிப்பிட்ட பள்ளத்தில் விழுவதில்லை. ஆனால் அந்தப் பொது நேரமும் தள்ளிவைக்கப்படக்கூடியதுதான்.

இதே சிக்கலை ஜொகூரின் தமிழ் இந்துக்கள் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு வாரமும் சந்திக்கிறார்கள். சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தில் இருவகை நேரங்கள் அருகருகே இருக்கின்றன, இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே கட்டத்தில். திதியும் நட்சத்திரமும் முடிகிற கணம் ஒரு வகை. சந்திரன் சூரியனை விட்டு இத்தனை பாகை விலகிய கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. அதை இந்திய நேரத்திலிருந்து மலேசிய நேரத்துக்கு மாற்ற இரண்டரை மணி கூட்டினால் போதும். 1982க்கு முன் இரண்டு மணி கூட்டினார்கள். ராகு காலம் வேறு வகை. அது பகற்பொழுதை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கைச் சுட்டுவது. திங்கட்கிழமை இரண்டாம் பங்கு. சூரியன் 6 மணிக்கு உதிக்கும் என்று வைத்துக்கொண்ட அட்டவணையில் அது 7:30 முதல் 9:00 வரை. ஜொகூர் பாருவிலோ சூரியன் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஆறே முக்காலுக்கும் ஏழே காலுக்கும் நடுவில்தான் உதிக்கிறது. பகல் 12 மணி நேரத்துக்குச் சில நிமிடம் கூட. 7 மணிக்கு உதிக்கும் நாளில் திங்கட்கிழமை ராகு காலம் சுமார் 8:30க்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும். பிப்ரவரி நடுவில் அட்டவணையை அப்படியே பின்பற்றுகிறவர், சூரியன் எழுந்து கால் மணி நேரம்கூட ஆகாதபோதே ராகு காலம் வந்துவிட்டது என்று வேலையைத் தள்ளிப்போடுவார். அட்டவணை நேரத்தோடு இரண்டரை மணி கூட்டுகிறவரும் அதே அளவுக்குத் தவறுகிறார். திதிக்குக் கூட்ட வேண்டும். ராகு காலத்துக்குக் கூட்டக் கூடாது, உள்ளூர் உதயத்திலிருந்து புதிதாகக் கணக்கிட வேண்டும்.

இந்த இரண்டு வகையும் ஒன்றோடொன்று மோதும் இடமும் உண்டு. நாள் என்பது உதயத்தில் தொடங்குகிறது. உதயத்தில் நிற்கும் திதியே பல விரதங்களுக்கு அந்த நாளின் திதி. ஒரு திதி இந்திய நேரப்படி ஒரு நாள் காலை 5:00க்குத் தொடங்கி மறுநாள் காலை 5:15க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 6 மணிக்கு உதயமாகும் சென்னையில் அது முதல் நாளின் திதி. ஜொகூரில் 7 மணி உதயம் என்பது இந்திய நேரத்தில் 4:30. முதல் நாள் உதயத்தில் திதி இன்னும் தொடங்கவில்லை, மறுநாள் உதயத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே விரதம் மறுநாள். யாரும் பிழை செய்யவில்லை, இரண்டு ஊருக்கும் சந்திரன் ஒன்றே, ஆனாலும் தேதி இரண்டு. முஸ்லிம்களின் தொழுகை நேரங்களும் சூரியனின் நிலையிலிருந்தே கணிக்கப்படுகின்றன. ஜொகூருக்குள்ளேயே ஜொகூர் பாரு, மெர்சிங் ஒரு மண்டலம், மேற்கே இருக்கும் மூவார், பத்து பகாட் வேறொன்று. 1982இல் தொழுகை நேரங்களின் எண்கள் எல்லாம் அரை மணி நகர்ந்தன, தொழுகைகள் நகரவில்லை.

பஞ்சாங்கத்தில் இன்னொரு தகராறும் இருக்கிறது, கணினிக்கு அதுவே அதிகம் பொருந்தும். வாக்கிய பஞ்சாங்கம் பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிப்பது. திருக்கணிதம் நவீன வானியல் கணக்கோடு ஒத்துப்போவது. இரண்டிலும் திதி முடியும் நேரம் சில மணி நேரம்வரை வேறுபடலாம். வானத்தைப் பார்த்தால் திருக்கணிதமே சரி. அதில் விவாதத்துக்கு இடமில்லை. இருந்தும் பல கோயில்கள் வாக்கியத்தை விடவில்லை, அதைப் பழமைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. திருவிழாவுக்கு வேண்டியது ஊர் முழுதும் ஒரே நாளில் கூடுவது. அதற்கு ஒத்துப்போதல்தான் முதல் தகுதி; வானத்தோடு துல்லியம் இரண்டாவது. சர்வர்களின் தேதி மணிக் கடிகாரமும் அப்படித்தான். என்டிபி என்னும் ஏற்பாட்டின்படி அது வெளியிலுள்ள நேரச் சர்வர்களைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வித்தியாசம் சிறிதென்றால் ஓட்டத்தை மெல்லக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யும். பெரிதென்றால் ஒரே தாவலில். எல்லாரோடும் ஒத்திருப்பதற்காகத் தன் சீரைத் தியாகம் செய்யும் கடிகாரம் அது. ‘எப்போது’ என்பதற்கு அதைவிட நல்ல கடிகாரம் இல்லை. ‘எவ்வளவு நேரம்’ என்பதற்கு அதைவிட மோசமானதும் இல்லை.

2017 ஜனவரி 1 இதற்கு ஒரு நல்ல சான்று. பூமியின் சுழற்சி சீராக இல்லாததால் 1972 முதல் 27 முறை உலகப் பொது நேரத்தில் ஒரு வினாடி செருகப்பட்டிருக்கிறது; கடைசியாகச் செருகியது 2016இன் முடிவில். மலேசியாவில் அப்போது புத்தாண்டு காலை சரியாக 8 மணி. ஜொகூரில் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்த ஆண்டுகள் அவை; ஆங்கிலப் புத்தாண்டுக்கும் அந்த மாநிலத்தில் விடுமுறை கிடையாது; ஆகவே அந்த ஞாயிறு அங்கே வேலை நாள். அலுவலகங்கள் திறக்கிற அந்த நேரத்தில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பெயர்த்தேடல் சர்வர்கள் சில நிலைகுலைந்தன. கோ மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல், பதில் வர எவ்வளவு நேரமாயிற்று என்பதைத் தேதி மணிக் கடிகாரத்தின் இரண்டு வாசிப்புகளைக் கழித்துக் கண்டுபிடித்தது. செருகிய வினாடியால் கடிகாரம் பின்னால் போனது. விடை சுழியத்துக்குக் கீழே இறங்கியது. காலம் எதிர்மறையாக இருக்க முடியாது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட அடுத்த வரி நின்றுபோனது. அதே ஆண்டு வெளிவந்த கோ மொழியின் 1.9 பதிப்பு, நேரத்தைக் கேட்கும்போதெல்லாம் பின்னோக்கிப் போகாத மோனோடானிக் கடிகாரத்தின் வாசிப்பையும் சேர்த்தே எடுத்துவைக்கத் தொடங்கியது. கூகுள் வேறு வழி கண்டது: செருகும் வினாடியை ஒரு நாள் முழுதும் பரப்பி, ஒவ்வொரு வினாடியையும் இம்மியளவு நீட்டுவது. நிம்மதியான வழிதான், ஆனால் அந்த நாளில் வினாடி என்பது வினாடியாக இல்லை. 2035க்குள் இந்தச் செருகல்களை நிறுத்திவிட எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு 2022இல் தீர்மானித்தது. சூரியனோடு கடிகாரத்தைக் கட்டிவைத்திருந்த கடைசிக் கயிறும் அப்போது தளர்ந்துவிடும்.

ஆகவே கால அளவுக்கு மோனோடானிக் கடிகாரம் என்று முடித்துவிடலாமா? பாதி முடிந்தது. எதன் அடிப்படையில் அது சீராக ஓடுகிறது என்பது மிச்சம்.

காலம் தனியே சீராக ஓடுகிறதா என்பது பற்றி 1715, 1716 ஆண்டுகளில் லைப்னிட்ஸும், ஓடுகிறது என்ற நியூட்டனின் தரப்பில் சாமுவேல் கிளார்க்கும் கடிதங்களில் வாதாடினார்கள். வாதத்தின் மையத்தில் கடவுள் இருந்தார். காலம் பொருள்களைச் சாராமல் தனியே ஓடுவது என்றால், உலகை ஒரு வருடம் முன்னதாகப் படைத்திருக்கலாமே, கடவுள் ஏன் இந்தக் கணத்தைத் தேர்ந்தார் என்று லைப்னிட்ஸ் கேட்டார். தேர்வதற்குக் காரணமே இருக்க முடியாது. காரணமின்றிக் கடவுள் எதையும் செய்யமாட்டார். ஆகவே ‘ஒரு வருடம் முன்னதாக’ என்ற பேச்சே வெற்றுப் பேச்சு, காலம் நிகழ்ச்சிகளின் வரிசை மட்டுமே என்பது அவர் முடிவு. கிளார்க் இதை ஏற்கவில்லை. கடவுளின் விருப்பமே போதுமான காரணம் என்றார். உலகம் முழுதும் ஒரே விகிதத்தில் மெதுவானால் யாருக்காவது தெரியுமா என்ற கேள்வியும் இந்த வாதத்தின் நேர் வாரிசு.

இந்தக் கேள்வி 1993க்குப் பிறகு மேசைமேல் வந்து உட்கார்ந்தது. இன்டெல் அந்த ஆண்டு பென்டியம் பிராசசரில் டிஎஸ்சி என்ற எண்ணியைச் சேர்த்தது. அது பிராசசரின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று கூட்டும். பின்னாளில் மின்சாரம் மிச்சப்படுத்தப் பிராசசர்கள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளத் தொடங்கியபோது எண்ணியும் கூடவே மெதுவானது. 3 கிகாஹெர்ட்ஸில் 10 லட்சம் துடிப்பு எடுத்த வேலை ஒன்றரை கிகாஹெர்ட்ஸிலும் ஏறத்தாழ அதே 10 லட்சம்தான். உள்ளிருந்து பார்த்தால் எதுவும் நடக்கவில்லை. வெளியே காத்திருந்தவர் மட்டும் இருமடங்கு காத்திருந்தார். லைப்னிட்ஸின் காலம் அதுதான்: மாற்றங்களின் எண்ணிக்கை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. 2007, 2008 வாக்கில் வந்த பிராசசர்களில் ஏஎம்டியும் இன்டெலும் இதை மாற்றி, பிராசசரின் வேகம் என்னவானாலும் ஒரே சீராக ஓடும் டிஎஸ்சியை வைத்தன. அன்றிலிருந்து எண்ணி நியூட்டனின் பக்கம்.

முன்னேற்றம் என்று ஒரே வார்த்தையில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. இரண்டு நெறிமுறைகளில் எது சிக்கனமானது என்று ஒப்பிடுகிறவருக்குத் துடிப்புக் கணக்கே மேல். பிராசசரின் உறக்கமும் சூடும் அதைக் கெடுப்பதில்லை. பயனாளர் எவ்வளவு காத்திருந்தார் என்று அறிய விரும்புகிறவருக்குத் துடிப்புக் கணக்கு பொய் சொல்லும். இந்தியத் தத்துவ மரபில் வைசேடிகர் காலத்தைத் தனிப் பொருளாக, ஒன்றேயாக, எங்கும் பரவியதாகக் கொண்டார்கள். அது கண்ணுக்குத் தெரியாதே, எப்படி அறிவது என்றால், அவர்களின் மூலநூலான கணாதர் சூத்திரம் காட்டும் அடையாளங்களில் முன்பின், ஒருங்கு நிகழ்தல் ஆகியவற்றோடு ‘தாமதம்’, ‘விரைவு’ என்ற உணர்வுகளும் இருக்கின்றன. நிரலின் வேகத்தை அளக்கிறவர் நாள் முழுதும் பேசுவது இந்த இரண்டைப் பற்றித்தான். காத்திருந்தவரின் சலிப்பைக் காலத்துக்குச் சான்றாக ஏற்ற தரிசனம் என்று வைசேடிகத்தைச் சொன்னால் அதிகம் மிகையாகாது.

உறக்கம் இன்னொரு முடிச்சு. மடிக்கணினியை மூடிவைத்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், லினக்ஸின் மோனோடானிக் கடிகாரம் அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூட்டைம் என்ற இன்னொரு கடிகாரம் சேர்க்கிறது. கூலாயின் செடெனாக்கிலும் இஸ்கந்தர் புத்ரியிலும் எழுந்துள்ள தரவு மையங்களில் ஓடுவன போன்ற மெய்நிகர்க் கணினிகளுக்கு இது இன்னும் கூர்மையானது. ஒன்றை நிறுத்தி வேறு எந்திரத்துக்கு மாற்றி மறுபடி எழுப்பலாம். தான் நின்றிருந்ததை அது தானாக அறிய வழியில்லை, வெளியிலிருந்து யாராவது சொல்ல வேண்டும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவர் ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் தெரியவில்லை’ என்கிறார். ஒன்றும் தெரியாததை அவர் எப்படி நினைவுகூர்கிறார் என்று கேட்டு, உறக்கத்திலும் அணையாத சாட்சி ஒன்று உண்டு என்று அத்வைதிகள் வாதிட்டார்கள். கணினியில் அந்தச் சாட்சி பேட்டரியில் ஓடும் ஒரு சிறு சில்லு. அதற்கு மேல் மகிமை ஏதும் அதற்கில்லை. உறக்கத்தைச் சேர்க்கலாமா என்பதற்கு இங்கும் பொதுவிடை கிடையாது. கணக்கு வேலை எவ்வளவு நேரம் நடந்தது என்றால் சேர்க்கக் கூடாது. அனுமதிச் சீட்டு காலாவதியாகிவிட்டதா என்றால் சேர்த்தே ஆக வேண்டும்.

சரி, சீராக ஓடுகிறது என்று யார் சான்று தருவது? மற்றொரு கடிகாரம்தான். லினக்ஸ் டிஎஸ்சியை அவ்வப்போது வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டு, முரண்பட்டால் டிஎஸ்சியை நம்பத்தகாதது என்று அறிவித்துவிட்டு மெதுவான கடிகாரத்துக்கு மாறிவிடும். அப்போது நேரத்தைக் கேட்கும் ஒவ்வொரு அழைப்பும் பல மடங்கு தாமதமாகும். நிரலைத் தொடாமலே நிரல் மெதுவானதாகத் தெரியும். காவலுக்கு வைக்கும் கடிகாரங்களில் ஒன்றான ஏசிபிஐ எண்ணி 3.579545 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் அலைவரிசைக் கணக்கிலிருந்து வந்த மரபு. கடிகாரங்களின் குலவரலாறு எப்போதுமே கொஞ்சம் விசித்திரம்தான். சில இன்டெல் எந்திரங்களில் காவலாக நின்ற ஹெச்பிஇடி என்ற கடிகாரமே ஆழ்ந்த மின்சேமிப்பு நிலையில் நின்றுபோய், குற்றமற்ற டிஎஸ்சி பழிசுமந்ததும் உண்டு.

காவலுக்குக் காவல் என்று போனால் முடிவேயில்லை. அளவியல் இந்தச் சங்கிலியை ஒரு வரையறையால் அறுக்கிறது: 1967 முதல் சீசியம்-133 அணுவின் 9,192,631,770 அலைவுகளின் நீளமே வினாடி. சீசியம் தவறாக ஓடுகிறது என்று சொல்ல இனி யாருக்கும் வழியில்லை, அதுவே அளவுகோல். மலேசியாவின் நேரத்தைச் செப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் நிலையம் காக்கிறது. சைவ சித்தாந்தம் அதே சங்கிலியை வேறு இடத்தில் அறுக்கிறது. அதன்படி காலம் அசுத்த மாயையிலிருந்து தோன்றிய தத்துவங்களுள் ஒன்று; சடமானது; உயிரின் அனுபவத்தை இறந்தது, நிகழ்வது, வருவது என்று வரையறுப்பது அதன் தொழில். சடம் தானே இயங்காது என்பதால் இயக்குபவன் ஒருவன் வேண்டும்; அவன் காலத்துக்கு உட்பட்டவன் அல்லன். அளவியல் நிறுத்திய இடத்தில் ஒரு உடன்பாடு இருக்கிறது, சித்தாந்தம் நிறுத்திய இடத்தில் ஒரு மெய்ப்பொருள். இரண்டையும் ஒன்றென்று சொல்வது இரண்டுக்கும் நியாயம் செய்வதாகாது.

மிகச் சிறிய வேலைகளை அளக்கும்போது கடிகாரமே குறுக்கே நிற்கும். சில நானோவினாடியில் முடியும் ஒரு வேலையை, கேட்கவே இருபது முப்பது நானோவினாடி எடுத்துக்கொள்ளும் கடிகாரத்தால் அளந்தால் கிடைப்பது பெரும்பாலும் கடிகாரத்தின் நேரம்தான். வேலையைப் பத்து லட்சம் முறை ஓட்டிச் சராசரி காண்பது வழக்கமான பரிகாரம். அப்படி ஓட்டும்போது தரவுகள் எல்லாம் அருகிலுள்ள நினைவகத்தில் வந்து தயாராகிவிடுவதால், முதல்முறை ஓடும்போது உண்மையில் என்ன ஆகும் என்பது மறைந்துபோகும்.

கடைசியாக இரண்டு இடங்களுக்கு இடையில் அளப்பது. ஜொகூரின் தரவு மையங்களில் பல நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரின் தேவைக்காகவும் இயங்குகின்றன. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 5 மைக்ரோவினாடி எடுக்கும். 40 கிலோமீட்டருக்கு 200. செய்தி போய்த் திரும்பிவர எவ்வளவு நேரம் என்பதை அனுப்பிய இடத்தின் ஒரே கடிகாரத்தால் அளந்துவிடலாம். போக மட்டும் எவ்வளவு என்றால் இரண்டு கடிகாரம் வேண்டும், இரண்டும் ஒத்திருக்க வேண்டும்; அவற்றை ஒத்திருக்கச் செய்ய மறுபடியும் செய்திதான் அனுப்ப வேண்டும். போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டுதான் என்டிபி கணக்கிடுகிறது. 1905இல் ஐன்ஸ்டைன் தூரத்திலுள்ள கடிகாரங்களை ஒளியால் ஒத்திசைக்க முன்வைத்த வரையறையும் இதே சமத்துவம்தான். பாயின்கரே அதற்கு முன்பே, 1898இல், இதை உடன்பாடு என்று அடையாளம் கண்டிருந்தார். இழைத் தடம் போகும்போது ஒரு வழியாகவும் திரும்பும்போது வேறு வழியாகவும் சென்றால் இந்தச் சமத்துவம் குலையும், அந்தக் குலைவை என்டிபி தன் கணக்குக்குள்ளிருந்து காண முடியாது. இரு முனையிலும் செயற்கைக்கோள் நேரம் வாங்கும் கருவியை வைத்தால் பிழை வெகுவாகக் குறையும், ஒத்திசைவு வேறொரு உடன்பாட்டின் பொறுப்புக்கு மாறும். அது இல்லாத இடத்தில் போய்த் திரும்பும் நேரத்தையே அறிக்கையில் எழுதுவதும், பாதியாக்கிய எண்ணை அளந்த எண்ணாகக் காட்டாமலிருப்பதும் தொழிலில் சரியான வழக்கம்.